பனி இறங்குது, கேளுங்க

உக்காருங்க தங்கச்சி. நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கீங்க, தலை கிர்ருன்னு இருக்கும். ஜன்னல் பக்கமா உக்காருங்க, காத்து வரும். ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம். அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

நெட்டுல ரேடியோ நடத்துற சாஃப்ட்வேரு பேரெல்லாம் நோட்டுல எழுதியே கொண்டு வந்துட்டீங்களா? குடுங்க பாப்போம். ஐஸ்காஸ்ட், மிக்ஸ், அப்புறம் இது ரெண்டு. நாலுமே நல்ல சாஃப்ட்வேருதான். நாலுமே காசு கேக்காது. எதை எடுக்கணும்னு கேட்டா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேப்பேன்: உங்க ரேடியோவுல பேசப்போறது யாரு?

நீங்களேவா? கோத்தகிரி லைப்ரரியில வேலை, சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசப்போறீங்க. சரி, நல்லது. மடமடன்னு பேசுவீங்களா, நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசுவீங்களா? சிரிக்காதீங்க, காரணமாத்தான் கேக்குறேன்.

நான் படிச்ச ஆளு இல்ல தங்கச்சி. வால்பாறையில எபநேசர் சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா கைப்பிள்ளை கூட வழி காட்டும். முப்பது வருஷமா மைக் செட். சர்ச் திருவிழா, அம்மன் கொடை, காதுகுத்து, யூனியன் மீட்டிங், எதையும் விட்டதில்ல. மைக் செட்காரனுக்கு இருக்குறது ஒரே ஒரு பயம்தான். சத்தம் நிக்கக் கூடாது. மேடையில ஆளு வாயசைப்பாரு, குழாய் ஸ்பீக்கர்ல சத்தம் வராது, அந்த ரெண்டு செகண்டுல மொத்தக் கூட்டமும் மேடைய விட்டுட்டு என்னையத் திரும்பிப் பாக்கும். "ஏய் மைக்கு!"ம்பாங்க. எனக்குப் பேரு கிடையாது, மைக்குதான். அந்த ரெண்டு செகண்டுக்குப் பயந்து பயந்தே முடி நரைச்சவன் நான்.

ரேடியோ ஆரம்பிச்சது என் யோசனை இல்ல. டீச்சரோடது. பவளக்கொடின்னு பேரு, எஸ்டேட் பால்வாடியில முப்பத்தஞ்சு வருஷம் டீச்சரா இருந்தாங்க. இங்க இருக்குற பாதிப் பேருக்கு மூக்குச் சிந்தி விட்டவங்க. அவங்க பாத்து வளந்த பிள்ளைங்க எல்லாம் எஸ்டேட் வேலை வேண்டாம்னு கீழ இறங்கிட்டாங்க. திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் பவுண்டரின்னு போயாச்சு. டீச்சர் ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்னாங்க. "எபி, கீழ இருக்குற பிள்ளைங்க போன் பண்ணி, டீச்சர் அங்க மழையான்னு கேக்குதுங்க. ஆமான்னா அழுவுதுங்க. அந்த மழைச் சத்தத்தை அதுங்களுக்குக் கேக்க வைக்க ஒரு வழி இருக்கா?"ன்னாங்க.

இருக்கு டீச்சர்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது, சொல்லிட்டேன். எவன் என்ன கேட்டாலும் இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் தேடுற பொழப்பு என்னுது.

முதல்ல எதோ ஒரு வெப்சைட்டுல ஓசியா நடத்தினோம். அவன் ஓசின்னு சொல்லிட்டு நடுநடுவுல விளம்பரத்தைச் சொருகுவான். ஒரு தடவை டீச்சர் ஒரு சாவுச் செய்தி வாசிக்கிறாங்க, "நல்லடக்கம் நாளை காலை"ன்னு சொல்லி வாயை மூடல, குதிச்சிக்கிட்டு வருது சோப்பு விளம்பரம். எனக்கு மானமே போச்சு. அப்பத்தான் இந்த ஓப்பன் சோர்ஸ் பக்கம் வந்தேன். மூணு மாசம் ராப்பகலா கண்ணு எரிய எரியப் படிச்சேன். இங்கிலீஷ் பாதி புரியாது, தட்டித் தடவி ஏறினேன்.

எனக்கு அதுல என்ன பிடிச்சது தெரியுமா? ஒளிவு மறைவு இல்ல தங்கச்சி. உள்ள என்ன ஓடுதுன்னு அப்படியே தொறந்து வச்சிருக்கான். யாரு வேணாலும் பாக்கலாம், யாரு வேணாலும் மாத்தலாம். எது எப்ப நடந்துச்சுன்னு செகண்டு கணக்கா லாக்னு ஒரு ஃபைல்ல அதுவே எழுதி வைக்கும். மனுசங்கிட்ட இல்லாத நேர்மை. இதைச் சொன்னா டீச்சர் சிரிப்பாங்க, "மெஷினுக்கு எபி கோயில் கட்டிருவான்"னு.

இந்த ஊரு லைப்ரரியில கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு, என்கிட்ட இருந்த பழைய சவுண்ட் மிக்ஸர் ஒண்ணு, பழைய ரேஷன் கடைக்கு மேல இந்தத் தகரக் கூரை ரூம். நாப்பதாவது வளைவுன்னு ரேடியோவுக்குப் பேரு வச்சோம். தினமும் சாயங்காலம் நாலு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் டீச்சர். திருப்பூர்ல டீ குடிக்க விடுற நேரம். யாருக்குப் பிள்ளை பொறந்துச்சு, எந்த எஸ்டேட் லைன் வீட்டுச் சமையக்கட்டுல யானை புகுந்துச்சு, யாரு போயிட்டாங்க, எல்லாம் சொல்வாங்க. நடுவுல மழை வந்தா ஜன்னலைத் தொறந்து மைக்கைத் திருப்பி வச்சிட்டு, "மழை பெய்யுது, கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் பேசாம இருப்பாங்க. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். தகரத்துல மழை கொட்டும். கீழ எத்தனை பேரு அழுதான்னு கணக்கே இல்ல.

அது வரைக்கும் சரி. மழைன்னா சத்தம் இருக்கு, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா டீச்சர் அதோட நிக்கல. மழை இல்லாத நாள்ல ஜன்னல் வழியா பனி வரும் பாருங்க, அப்பவும் மைக்கைத் திருப்பி வச்சு, "பனி இறங்குது, கேளுங்க"ம்பாங்க. சொல்லிட்டு அரை நிமிஷம் கம்முன்னு இருப்பாங்க.

பனி இறங்குறதை எப்படித் தங்கச்சி கேக்குறது? நீங்களும் மலைக்காரங்கதான், சொல்லுங்க. அதுக்கு என்ன சத்தம் இருக்கு?

முப்பது செகண்டு! நெட்டுல முப்பது செகண்டு சத்தம் வரலைன்னா கேக்குறவன் லைன் போச்சுன்னு மூடிட்டுப் போயிருவான். நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். "அதுங்க மூடாது எபி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கும்"னாங்க. என்னத்தைக் கேக்கும், ஒண்ணுமில்லாததையா?

அப்பத்தான் நான் தேடின சாஃப்ட்வேர் எனக்குக் கிடைச்சுச்சு. உங்க நாலுல ஒண்ணு. எதுன்னு கேக்காதீங்க, அது மேல ஒரு குத்தமும் கிடையாது, நம்பர் போட்டது நான். அதுல என்ன வசதின்னா, மைக்குல சத்தம் நின்னா அதுவே கண்டுபிடிச்சிரும். நாம சொன்ன செகண்டு வரைக்கும் பொறுக்கும். அதுக்கு மேல போனா, நாம எடுத்து வச்சிருக்குற ரெக்கார்டிங்கை அதுவே ஓட விடும். திரும்ப மைக்குல சத்தம் வந்தா, ரெக்கார்டிங்கை நைசா இறக்கிட்டு ஆளுக்கு வழி விடும். முதல் தடவை அதை ஓட்டிப் பாத்தப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தங்கச்சி. முப்பது வருஷம் முன்னாடி இது இருந்திருந்தா நான் இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

பன்னெண்டு செகண்டுன்னு போட்டேன். பத்து ரொம்பக் கம்மி, டீச்சர் தண்ணி குடிக்கிறதுக்கே பத்தாகும். பன்னெண்டு நியாயம்.

ரெக்கார்டிங்கா என்ன வைக்கிறதுன்னு ஒரு யோசனை. பாட்டு வைக்கலாம். ஆனா பாட்டு வந்தா ஆளு இல்லன்னு கேக்குறவனுக்குத் தெரிஞ்சிரும். அதனால டீச்சரோட பழைய நிகழ்ச்சியிலேருந்தே நல்ல நல்ல துண்டா எடுத்து, ஒட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு செஞ்சேன். தேதி, ஆளு பேரு எதுவும் வராத இடமாப் பாத்து எடுத்தது. பிள்ளைங்களுக்குச் சொல்ற கதை, அட்டை கடிச்சா என்ன பண்ணணும், பால்வாடியில நடந்த வேடிக்கை. நிறைய இடத்துல பின்னாடி மழை. அஞ்சு மணியாச்சுன்னா, எங்க ஓடிக்கிட்டு இருந்தாலும் அவங்க விடை சொல்ற துண்டுக்குத் தாவி முடிக்கிற மாதிரி வச்சேன். ஒட்டு எங்க இருக்குன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. இன்னிக்கும் சொல்றேன், என் கைவேலையிலேயே அதுதான் பெஸ்ட்டு.

டீச்சருக்கு அது பிடிக்கவே இல்ல. அவங்க பனியைக் கேக்க வைக்கிறப்போ, பன்னெண்டாவது செகண்டுல அவங்க ஹெட்போன்ல அவங்க குரலே வந்து கதை சொல்ல ஆரம்பிக்கும். திடுக்குன்னு ஆயிரும் அவங்களுக்கு. "யாரோ என் வாயைப் பொத்துற மாதிரி இருக்கு எபி"ம்பாங்க. பழகிரும் டீச்சர்னு சொல்லிருவேன்.

போன பிப்ரவரி. ஒரு நாள் காலையில கடைக்கே வந்தாங்க. "அந்தப் பன்னெண்டை அறுபது ஆக்கு"ன்னாங்க. எனக்கு அன்னிக்கு ஏகப்பட்ட வேலை, ஆர்.சி. சர்ச் மைதானத்துல குழாய் கட்டணும். "ஆக்க முடியாது டீச்சர். இது ரேடியோவா, இல்ல பிள்ளைங்களைத் தூங்க வைக்கிற உங்க பால்வாடியா?"ன்னு கேட்டுட்டேன். கடையில நாலு பேரு இருந்தாங்க, சிரிச்சிட்டாங்க. டீச்சர் சிரிக்கல. "நான் பேசாம இருந்தாலும் நான் இருக்கேன்னு அதுங்களுக்குத் தெரியும். உன் மெஷினுக்குத்தான் தெரியல"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம்தான் போனாங்க.

இங்கதான். இந்த ரூம்லதான். ஆமா, அந்த நாற்காலி. காலெல்லாம் ஆடாது, சும்மா சொன்னேன்.

மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருச்சுன்னாங்க. நிகழ்ச்சி முடிஞ்சு ரூமைப் பூட்ட நான் அஞ்சு இருவதுக்கு வந்தேன். மேசை மேல தலை சாஞ்சிருக்கு, கண்ணாடி கீழ விழுந்து கிடக்கு. டீச்சர், டீச்சர்னு உலுக்குறேன். ஜீப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அது டாக்டருங்க எல்லாருகிட்டயும் சொல்றதுதானே? எங்கப்பாவுக்கும் சொன்னாங்க. எங்க மாமாவுக்கும் சொன்னாங்க.

யாருக்கும் எதுவும் தெரியல தங்கச்சி. அஞ்சு மணி வரைக்கும் நிகழ்ச்சி அருமையாப் போச்சு. டீச்சரோட வீட்டுக்காரரு மாசிலாமணி அண்ணன் டீ பேக்டரியில பிட்டரு, அங்க போன்ல சத்தமா வச்சு எல்லாருமாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. திருப்பூர்ல கேட்டிருக்காங்க. கதை சொன்னாங்க, சிரிச்சாங்க, மழை கூடப் பேஞ்சுச்சு. அஞ்சு மணிக்கு, "வரட்டுமா பிள்ளைங்களா"ன்னு சொல்லி முடிச்சாங்க. மாசிலாமணி அண்ணனுக்கு அதுதான் ஒரே ஆறுதல். எழவு வீட்டுல என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "சொல்ல வேண்டியதைச் சொல்லி, வரட்டுமான்னு கேட்டுட்டுப் போயிருக்கா எபி. இந்தச் சாவு யாருக்கு வாய்க்கும்?"ன்னாரு. நான் தலையாட்டினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

நீங்க அப்படிப் பாக்காதீங்க. புரிஞ்சிருச்சு உங்களுக்கு.

லாக்ல இருக்கு. நாலு மணி பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு, மைக்குல சத்தம் இல்ல. நாலு பதினொண்ணு அம்பத்திரெண்டு, ரெக்கார்டிங் ஓடுது. அதுக்கப்புறம் அஞ்சு மணி வரைக்கும் அந்த ஃபைல்ல ஒரு வரி கிடையாது. நான் உள்ள வர்றப்போ டீச்சர் தலையில ஹெட்போன் இருந்துச்சு தங்கச்சி. அவங்க குரலே அவங்க காதுல கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நாப்பத்தெட்டு நிமிஷம்.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல. நீங்க வெளியூரு, நாளைக்கு உங்க பாட்டுக்குக் கோத்தகிரி போயிருவீங்க, அதனாலதான் போல.

பயித்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு எனக்கு. ஊரு அன்னிக்கு மழைன்னு சொல்லுது! பிப்ரவரியில, வெட்ட வெளிச்சத்துல, ஒரு பொட்டுத் தூறல் கிடையாது. ஆனா ரேடியோவுல மழை கேட்டுச்சு இல்ல? அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. மாசி மாசத்துல டீச்சருக்காக மழை பேஞ்சுச்சு, புண்ணியவதின்னு பேசிக்கிறாங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடை கோவிந்தன் அன்னிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சத்தியம் பண்றான். யோவ், நீ வெயில்ல வடகம் காயப்போட்ட மாதிரி உக்காந்திருந்தய்யா, நான் பாத்தேன்யான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். முழுங்கிருவேன். இப்ப சில நேரம் எனக்கே அன்னிக்கு நனைஞ்ச மாதிரி ஞாபகம் வருது.

ரேடியோவை நிறுத்தல. நிறுத்தச் சொல்லி யாரும் கேக்கல. இடையில ஒரு பொண்ணைப் பேச வச்சுப் பாத்தேன், அங்கன்வாடியில வேலை பாக்குற பொண்ணு, நல்ல குரல். முதல் நாள் வந்து உக்காந்துச்சு, வணக்கம் சொல்லுச்சு, அடுத்து என்ன பேசுறதுன்னு தெரியாம முழிச்சுச்சு. நான் கையைக் காட்டுறேன், பேசு பேசுன்னு. பன்னெண்டாவது செகண்டு, அதோட காதுல டீச்சரு: "என்ன பிள்ளைங்களா, பயந்துட்டீங்களா?" யானைக் கதையில வர்ற இடம் அது, ரெக்கார்டிங்குல அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்தப் பொண்ணு ஹெட்போனைக் கழட்டி வீசிட்டுச் செருப்பு கூடப் போடாம மாடியிலேருந்து இறங்கி ஓடிருச்சு. காய்ச்சல் வந்து மந்திரிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ரெக்கார்டிங்கை மாத்தலாம். ஒரு நிமிஷ வேலை. பன்னெண்டையும் மாத்தலாம். மாத்தல. ஏன்னு கேக்காதீங்க. தினமும் நாலு மணிக்கு வந்து மைக்கை ஆன் பண்ணிட்டு நான் சும்மா உக்காருவேன். டெஸ்ட்டிங். எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும் இல்ல? பன்னெண்டு எண்ணுவேன். கரெக்டா வந்துருவாங்க. ஒரு நாளும் பிசகினதில்ல.

இப்ப என்ன பிரச்சனைன்னா, நாளைக்கு வருஷம் திரும்புது. மாசிலாமணி அண்ணன் நேத்து வந்தாரு. "எபி, லைன் வீட்டுல எல்லாருக்கும் சோறு போடுறேன். நாலு மணிக்கு அவளோட கடைசி நிகழ்ச்சியைக் குழாயில போடணும். நாலு குழாய் கட்டு, அடுத்த எஸ்டேட் டிவிஷன் வரைக்கும் கேக்கட்டும்"னாரு. சரிண்ணேன்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேனே, எவன் எதைக் கேட்டாலும் சரின்னு சொல்ற பொழப்பு. முதல் பதினோரு நிமிஷம் அவங்க பேச்சு, மிச்சம் நான் ஒட்டின ஒட்டு. அதை அவங்க வீட்டு வாசல்ல, அவங்க படத்துக்கு முன்னாடி, நான் என் கையால போடணும். அவரு கண்ணை மூடிக் கேப்பாரு. எல்லாரும் மழையைக் கேப்பாங்க.

சொல்லிரலாம்னு நெனச்சேன். நேத்தே நெனச்சேன். மாசிலாமணி அண்ணன் குழாய் எந்த மரத்துல கட்டணும்னு கைய நீட்டிக் காட்டிக்கிட்டு இருந்தாரு, அவரு முகத்தைப் பாத்துட்டு, எத்தனை அடி ஒயரு வேணும்னு கேட்டுட்டேன். அந்த மனுசனுக்கு இருக்குறதே அந்த ஒரு மணி நேரம்தான். அதை எப்படித் தங்கச்சி பிடுங்குறது?

என்ன சொன்னீங்க? நான் எங்க இருந்தேன்னா?

நான்தான் சொன்னேனே, சர்ச் மைதானத்துல குழாய் கட்டிக்கிட்டு இருந்தேன். ஏணி மேல. ஒரு காதுல ரேடியோ. கேட்டேன், ஆமா. மழையும் கேட்டுச்சு. ஆமா, மேல வெயில்தான்.

சரி. ஆமா. தெரியும்.

நான் ஒட்டினது எனக்குத் தெரியாதா? முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சிருச்சு. நாலு பதினொண்ணுக்கு டீச்சர் பேசிக்கிட்டு வந்தவங்க சடக்குன்னு நிறுத்தி, "பனி இறங்குது, கேளுங்க"ன்னாங்க. நான் ஏணியிலேருந்து அண்ணாந்து பாக்குறேன், வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. பனியா? எங்க பனி? காலையில பேசுனதுக்கு வீம்புக்குப் பண்றாங்கன்னு எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. எண்ணுனேன். பன்னெண்டு. ரெக்கார்டிங் வந்துச்சு. பாத்தீங்களா டீச்சர், உங்க வீம்பு என் மெஷின்கிட்ட நடக்காதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். சிரிச்சேன் தங்கச்சி. ஏணி மேல நின்னு சிரிச்சேன்.

அஞ்சு நிமிஷத்துல திரும்பப் பேசுவாங்கன்னு பாத்தேன், பேசல. கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். பையிலதான் இருந்துச்சு போன். நான் எதுக்குப் பண்ணணும், அவங்க பண்ணட்டுமேன்னு... அஞ்சு மணிக்கும் உடனே வரல, வேணும்னே இருவது நிமிஷம் கழிச்சு வந்தேன். கெஞ்சுற மாதிரி ஆயிரக் கூடாதுன்னு.

இப்பவும் சொல்றேன், அவங்க அன்னிக்குப் பண்ணது வீம்புதான். இல்லன்னா நீங்களே சொல்லுங்க, அடிக்கிற வெயில்ல எதுக்குப் பனி இறங்குதுன்னு சொல்லணும்?

என்ன?

அவங்க கண்ணுலயா?

ஆமா... ஜன்னலைப் பாத்துத்தான் உக்காந்திருப்பாங்க. வெளிய வெளிச்சம். கண்ணு மங்கி... எல்லாம் வெள்ளையா...

ஐயோ.

ஐயோ தங்கச்சி. அவங்க பொய் சொல்லல. அவங்களுக்குப் பனி இறங்கியிருக்கு. அவங்க கண்ணுக்குப் பனி இறங்கியிருக்கு, நான் வானத்தைப் பாத்துட்டு... ஒரு வருஷமா எனக்கு இது தோணவே இல்லையே. வந்து அரை மணி நேரம் ஆகல, உங்களுக்குத் தோணிருச்சு.

இருங்க. தண்ணி வேண்டாம். இருங்க.

ஒண்ணு இருக்கு. இதையும் சொல்லிடுறேன். ரேடியோவுல போறது தனியா ரெக்கார்டு ஆகும், மைக்குல வர்றது தனியா ரெக்கார்டு ஆகும். நான்தான் அப்படி வச்சேன். ரெக்கார்டிங் ஓடினாலும் மைக் மூடாது, அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு மைக்குல வந்தது நாலு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. நாலு பதினொண்ணு நாப்பதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. மெஷினுக்குச் சத்தம் இல்லன்னா சத்தமே இல்லன்னு அர்த்தம் கிடையாது, தங்கச்சி. நான் போட்ட அளவுக்குக் கீழ இருந்தா அதுக்குக் கேக்காது. மூச்சு கேக்காது. முணுமுணுத்தா கேக்காது. யாரையாவது மெதுவாக் கூப்பிட்டா கூட...

பன்னெண்டு செகண்டு வரைக்கும் கேட்டிருக்கேன். எத்தனையோ தடவை. பன்னெண்டு வந்ததும் கை தன்னால நிறுத்திரும்.

நீங்க கேளுங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாது, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு மாசிலாமணி அண்ணன் முன்னாடி நான் எதைப் போடுறது, என்ன சொல்றதுன்னு அதுக்கப்புறம் பாத்துக்கலாம். அவங்க உடனே போயிருந்தாங்கன்னா, நான் போன் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, இல்லையா? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். இந்தாங்க ஹெட்போன். ஆமா, இது அதேதான். நாலு பதினொண்ணுல வச்சிருக்கேன். சத்தத்தை முழுசா ஏத்திக்கோங்க. நான் கதவுகிட்ட நிக்கிறேன்.

ஓடுதா?

எவ்வளவு தூரம் போயிருக்கு? ஆறு நிமிஷமா? இன்னும் கேக்கணுமா? சரி, கேளுங்க, கேளுங்க.

தங்கச்சி, ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்புறீங்க?

கழட்டிட்டீங்க. முடியல இன்னும், நேரம் இருக்கே. என்ன கேட்டுச்சு? என் பேரைச் சொன்னாங்களா? எபின்னு கூப்பிட்டாங்களா? வாயால சொல்ல வேண்டாம், ஆமாவா இல்லையா, தலையாட்டினாப் போதும்.

தங்கச்சி?

ஏதாவது சொல்லுங்கம்மா. இப்படிக் கம்முன்னு இருந்தா எப்படி, ஏழு செகண்டு ஆச்சு.

எட்டு.

ஒம்பது.

பத்து.

பதினொண்ணு.

நாலுமே நல்ல சாஃப்ட்வேருதான். நாலுமே காசு கேக்காது. எதை எடுக்கணும்னு கேட்டா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேப்பேன்: உங்க ரேடியோவுல பேசப்போறது யாரு?